பெரியப்பா அறுபது முறை வந்த வளைகாப்பு

இணையதளம் கட்டும் பிஎச்பி கணினி மொழியைப் படித்து முடித்த கையோடு ஒருவனை எந்த விசேஷத்துக்கும் பக்கத்தில் விடக்கூடாது. நான் முடித்த மறுமாதமே அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. எனக்கு வேலை கிடைக்கவில்லை. “மூணு மாசம் என்னதான் படிச்சே?” என்று அப்பா தினமும் கேட்டார்.

எத்தனை பேர் வருவார்கள் என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போடக் கிளம்பியவரை, “நக்கோப்பா, போன் வேணாம், நான் நெட்டுல ஃபார்ம் பண்ணித் தரேன்” என்று தடுத்தேன். காட்டிவிட வேண்டும் என்று வெறி.

முதல் பக்கத்தில் பெயரும் எத்தனை பேர் என்பதும் நிரப்ப வேண்டும். அழுத்தினால் விவரம் அடுத்த பக்கத்துக்குப் போய்ப் பதிவாகி, ‘நன்றி’ என்று வரும். அந்த விவரத்தை நான் அந்த நன்றிப் பக்கத்தின் இணைப்பு முகவரியின் வாலிலேயே ஒட்டி அனுப்பியிருந்தேன். (பெருமை வேறு.)

திருமுல்கேரி பெரியப்பாதான் முதலில் நிரப்பினார். நாலு பேர். பிறகு, நன்றிப் பக்கத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, “நான் போட்டாச்சு, நீங்களும் போடுங்க” என்று எழுதினார். திறந்தவர்கள் நன்றியைப் பார்த்து, வேலை முடிந்தது என்று மூடிவிட்டார்கள். இணைப்பின் வாலில் அவர் விவரம் ஒட்டியிருந்ததால், ஒவ்வொருவர் திறக்கும்போதும் பெரியப்பா குடும்பம் இன்னொரு முறை பதிவானது.

நான் பெயர்களைப் பார்க்கவில்லை, மொத்தத்தைத்தான் பார்த்தேன். இருநூற்று நாற்பது. அப்பா, “பரவாயில்லையே” என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

லோத்குண்டா மண்டபத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். “மிச்சப் பேர் எப்ப சார் வருவாங்க?” என்றார் சமையல்காரர். அப்பா என்னிடமிருந்து செல்போனை வாங்கிப் பட்டியலைச் சத்தமாகப் படித்தார்.

“அண்ணா நாலு. அண்ணா நாலு. மறுபடியும் அண்ணா நாலு.”

“கைக்குடா, எதுக்குடா இவ்ளோ புளியோதரை?” என்று அக்கா வளையல் குலுங்கச் சிரித்தாள். எனக்கு அந்தப் புளியோதரை அண்டாவுக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மிஞ்சியதை நாலு தெருவுக்கு நானே தூக்கிப்போய்க் கொடுத்தேன்.



இப்போது எனக்கு வேலை இணையதளம் கட்டுவதுதான், ஒன்பது வருடமாக. ஆனால் வீட்டு விசேஷங்களுக்கு அப்பாதான் போன் போடுகிறார். பெரியப்பாவும் ஒவ்வொரு முறையும், போனை வைப்பதற்கு முன்னால், மிகுந்த அக்கறையோடு தெளிவுபடுத்துகிறார்.

“நாலு பேர் வரோம். ஒரு தடவைதான் வருவோம், உன் பையன்கிட்ட சொல்லிடு.”