ஸ்டெப்னி இருந்த இடத்தில் கிம்ச்சி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தே-கியூ அவர்களுக்கு,

ஹேநாமிலிருந்து மாமனார் கூ ஜே-போக் எழுதிக்கொள்வது. இங்கே முட்டைக்கோஸ் வயல்களில் உறைபனி விழத் தொடங்கிவிட்டது. சுவோனில் நீங்களும் என் மகள் உன்-சொல்லும் பேத்தியும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும்வரை காரை வெளியே எடுத்திருக்க மாட்டீர்கள் என்றும் நம்புகிறேன். தயவுசெய்து எடுக்க வேண்டாம். போன் செய்திருக்கலாம்தான், ஆனால் எனக்குக் காது மந்தம், போனில் நான் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். அதனால்தான் உங்கள் அலுவலக விலாசத்துக்கு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிளம்புகிற நேரத்தில் உங்கள் அத்தை, முட்டைக்கோஸில் மிளகாய் தடவிப் புளிக்கப் போட்ட கிம்ச்சியில் கடைசி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும். உன்-சொல்லுக்குப் பிடிக்குமென்று அதில் மட்டும் சிப்பி போட்டிருந்தாள். டிக்கியிலோ அரிசி, சர்க்கரைவள்ளி மூட்டை, முள்ளங்கி, குழந்தையின் தள்ளுவண்டி. "இடமே இல்லம்மா, விட்டுடு, எங்க ஊர்க் கடையில கிடைக்காததா?" என்று உன்-சொல் சொல்லிவிட்டாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் அத்தை வாளியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய், ஏற்கெனவே கழுவிய அண்டாவை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். கல்யாணமானதிலிருந்து அந்தத் தேய்ப்பை எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. என்னால் தாங்க முடியவில்லை. நெடுந்தூரம் ஓட்ட வேண்டுமே என்று நீங்கள் குழந்தையோடு கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தபோது சாவியை எடுத்தேன், மூட்டைகளை இறக்கினேன், பாயைத் தூக்கினேன், உள்ளே ஸ்டெப்னி ஒரு வேலையும் இல்லாமல் சொகுசாகப் படுத்திருந்தது. கழற்றிவிட்டேன். வாளி அந்தப் பள்ளத்தில் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. எல்லாவற்றையும் பழையபடி அடுக்கிவிட்டு, "உன் பொண்ணே இடம் பண்ணி எடுத்து வச்சுக்கிட்டா" என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். தேய்ப்பது நின்றது.

அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஸ்டெப்னியைக் கொட்டகையில் ஒளித்தேன். அவள் மிளகாய் எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். சீமைப்பனிச்சை மரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். நாய் இடித்ததில் அது உருண்டு, சரிவில் இறங்கி, ஊர்ப் பொதுமன்றத்து வாசலில் போய் விழுந்தது. ஊர்த்தலைவர் சும்மா இருப்பாரா, காலையில் ஒலிபெருக்கியில் "சக்கரத்தைத் தொலைத்தவர் வந்து வாங்கிக்கொள்ளவும்" என்று ஊருக்கே சொல்லிவிட்டார். "யாரோ பாவம்" என்று உங்கள் அத்தை பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். படகில் கட்டுவதற்கு வாங்கியது என்று புளுகி மீட்டு வந்தேன். எனக்குப் படகு கிடையாது என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டு மேங் வேறு வந்து, இந்தக் குளிரில் நெடுஞ்சாலையில் பஞ்சரானால் கைக்குழந்தையோடு என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டுப் போனான். டிக்கிக்கு அடியில்தான் புகைக்குழாய் ஓடுகிறது, சூட்டில் கிம்ச்சி பொங்கி மூடி தெறித்துவிடும் என்றும் சொன்னான். தொலைக்காட்சிச் செய்தியில் விபத்து என்றாலே சாம்பல்நிறக் காரா என்று பார்க்கிறேன். இந்த நாட்டில் பாதிக் கார் சாம்பல்நிறம்.

ஆகவே மாப்பிள்ளை, வாளியை உடனே எடுங்கள். என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மகள் வேண்டாமென்று விட்டுப்போனது நிஜம் என்று உங்கள் அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம். அதை அவள் தாங்க மாட்டாள்.

குழந்தை கொழுகொழுவென்று வளரட்டும். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத மாமனார்

பின்குறிப்பு: உறை எங்கே என்று உங்கள் அத்தையிடம் கேட்டேன். "ஸ்டெப்னி பத்தியா எழுதுறீங்க? நீங்க அத வயித்தோட கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டுப் போனத ஜன்னல் வழியா பாத்துட்டுத்தானே இருந்தேன்" என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "எனக்காக ஒரு மனுஷன் இவ்வளவு பொய் சொல்றாரேன்னு ஆசையா இருந்துச்சு" என்றாள். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த ராத்திரியே உன்-சொல் இவளுக்குப் போன் செய்தாளாம், கார் முழுக்க வாசனை என்று. திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று இவள் நினைத்தாளாம். அந்தப் பெண் வாயில் கிம்ச்சியை வைத்துக்கொண்டு அழுதாளாம். பஞ்சரானால் காப்பீட்டு ஆள் வந்து பார்ப்பார், ஸ்டெப்னி அங்கேயே கிடக்கட்டும், அந்த இடம் இனிமேல் வாளிக்கு என்று நீங்களே சொன்னீர்களாமே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போகட்டும். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாமல், காரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்துசேருங்கள். உங்கள் அத்தை அடுத்த வாளியை நிரப்ப ஆரம்பித்துவிட்டாள்.