றால் மாமியை வெளியே கூட்டிப்போன மாதங்கள்

எங்கள் பிரதேச சபைக்குத் தெரிவானவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசிச் சாதித்ததைவிட, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட றால் மாமி ஒருவர் பேசாமல் சாதித்தது அதிகம். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் அவரை வெளியேற்றியவள் நான்தான்.

விரும்பிச் செய்த வேலை இல்லை. அமர்வில் கூட்டறிக்கை எழுதுவதுதான் என் கடமை. ஆனால் அந்த மண்டபத்தில் பெண் உத்தியோகத்தர் நான் ஒருத்திதான். ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் பியோன் கூரையைப் பார்ப்பார், செயலாளர் என்னைப் பார்ப்பார். நான் பேனையை மூடிவைத்துவிட்டு எழும்புவேன். இது சரிதானா என்று யோசித்து முடிப்பதற்குள் வாசலுக்கு வந்திருப்போம்.

மாமிக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அறிக்கையில் எழுதுவதற்காகக் கேட்டபோது, அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். வாவியில் பட்ட இறாலைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பார். "றாலோ றால்!" என்று அவர் ஒரு குரல் வைத்தால், எங்கள் தெருவில் தூங்குகிற குழந்தைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பும். என் மகளுக்கு அப்போது பத்து மாதம், பல் முளைக்கிற காலம். அவளைத் தூங்க வைப்பதற்கு நான் பட்ட பாட்டை மாமி ஒரே மூச்சில் அழித்துவிடுவார். முதலில் எனக்கு அவர்மேல் கோபம்தான் இருந்தது.

அவருடைய வழக்கு இறங்குதுறை. நாங்கள் இருக்கும் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வரும் எஞ்சின் படகு அணைகிற இடத்தில், பலகைகள் உக்கிப்போயிருந்தன. ஒரு பலகை இருக்கும், அடுத்தது இருக்காது, மூன்றாவது இருப்பதுபோல இருக்கும். மாமி தலையில் கூடையோடு அதைக் கடப்பார். நான் இடுப்பில் பிள்ளையோடு கடப்பேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டில் அவளை விட வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தால் பிள்ளைக்கு அடிபடாது என்று பார்த்தபடியே காலையிலும் மாலையிலும் கால் வைப்பேன். ஆக, மாமி கேட்டது எனக்கும் வேண்டும். அதைக் கேட்க வந்தவரை வெளியே விடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் தடவை ஐந்தாறு பெண்கள் கறுப்புச் சேலையில் வந்து, பார்வையாளர் கதிரைகளில் சத்தமில்லாமல் இருந்தார்கள். சபைத் தலைவரான தவிசாளருக்கு முகம் மாறிவிட்டது. எல்லோரையும் வெளியேற்றச் சொன்னார். மறுநாள் வாசலில் அறிவித்தல் ஒட்டினோம்: 'அரசியல் நோக்கம் கொண்ட உடைகளுடன் சபா மண்டபத்துள் நுழையத் தடை.' தட்டச்சு செய்தவள் நான். எது அரசியல் உடை என்று கீழே ஒரு வரி சேர்ப்போமா என்று செயலாளரிடம் கேட்டேன்.

"பாத்தாத் தெரியும்தானே" என்றார்.

பார்த்தால் தெரியவில்லை. அதுதான் கரைச்சல்.

மற்றப் பெண்கள் வேலை வெட்டி என்று நின்றுவிட்டார்கள். அடுத்த மாதம் மாமி மட்டும் சிவப்புச் சேலையில் வந்தார். "சிவப்பு எந்தக் கட்சிர நிறம் எண்டு எல்லாருக்கும் தெரியும்!" என்று ஓர் உறுப்பினர் துள்ளினார்.

"இது என்ட மகள்ற கலியாணத்துக்கு எடுத்தது. அவள் ஒரு கட்சியிலயும் இல்ல" என்றார் மாமி. வெளியே கூட்டிப்போனேன்.

அதற்கடுத்த மாதம் பச்சை. மற்றப் பக்கம் துள்ளியது. பிறகு எல்லா நிறமும் கலந்த பூச்சேலை. அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் அதில் தன் எதிராளியின் நிறமே தெரிந்தது. நான் பார்த்து எங்கள் சபை ஏகமனதாக எடுத்த ஒரே தீர்மானம், அந்தச் சேலையை வெளியே அனுப்பியதுதான். பிறகு வெள்ளை.

"சபைக்கு இழவு கொண்டாட வந்திருக்காவா?" என்று தவிசாளர் கேட்டார்.

"அப்ப எதத்தான் உடுக்கிற தம்பி? உடுக்காம வரட்டா?"

பியோன் நெடுநேரம் இருமினார். இதைக் கூட்டறிக்கையில் எழுதுவதா விடுவதா என்று எனக்கு ஒரே குழப்பம். விட்டுவிட்டேன். அது பிழையோ என்று இன்றும் இருக்கிறது.

வெளியேற்றம் எங்கள் இருவருக்கும் பழகிப்போனது. விறாந்தையில் நடக்கும்போது மாமி ஆறுதலாக விசாரிப்பார்.

"புள்ள, உன்ட மகள் சோறு தின்னுறாளா?"

"மாமி, உங்கள வெளியேத்திக்கொண்டு இருக்கிறன்."

"ஓம், அது நடக்கட்டும். தின்னுறாளா, இல்லியா?"

தின்பதில்லை என்றேன். அடுத்த மாதம் ஒரு பையில் இறால் கொண்டுவந்தார், அவித்து மசித்துக் கொடுக்கச் சொல்லி. அரசாங்க உத்தியோகத்தர் வாங்கினால் இலஞ்சமாகிவிடுமோ என்று பயந்து வேண்டாம் என்றேன். "உனக்கு ஆர் தந்த? புள்ளைக்கெல்லோ" என்று பையை விறாந்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளை அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

பிறகுதான் அந்த ரீசேட்டு வந்தது.

தேர்தல் காலத்தில் தவிசாளர் வீடு வீடாகக் கொடுத்த சட்டை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் எறிவதில்லை. வெயிலுக்கு நல்லது என்று வயலுக்கும் வாவிக்கும் போட்டுக் கிழிப்பார்கள். மாமி சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். வயிற்றில் தவிசாளர் சிரித்துக்கொண்டிருந்தார். மாமி மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அகலமானது. முதுகுப் பக்கத்தில் எழுத்து: 'இறங்குதுறை உங்கள் உரிமை, கட்டித் தருவது என் கடமை.'

"அந்தச் சேட்டோட இஞ்ச இருக்க ஏலாது!" என்றார் தவிசாளர்.

"இது நீங்க தந்ததுதானே தம்பி. என்ட வீட்ட வந்து உங்கட கையாலயே தந்த. என்ன, உங்கட மூஞ்சி உங்களுக்கே அரசியலாத் தெரியுதா?"

தவிசாளர் தண்ணீர் குடித்தார். பிறகு, "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார். நான் எழும்பினேன்.

ஒருவரை வெளியேற்றினால் காரணம் எழுத வேண்டும் என்பது ஒழுங்கு. நான் காற்புள்ளி போடவே இரண்டு தடவை யோசிப்பவள். மாமி அணிந்திருந்த மேலாடையில் தவிசாளரின் படமும் இன்ன வாசகமும் இருந்தமையால் வெளியேற்றப்பட்டார் என்று, அந்த வாசகத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினேன். அடுத்த மாதம் வழமைப்படி முன்னைய அறிக்கையை எழுந்து நின்று வாசித்தேன். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், உறுதிப்படுத்தினார்கள். அப்போது கடைசிக் கதிரையில் எப்போதும் அரைத்தூக்கத்தில் இருக்கும் உறுப்பினர் கண்ணைத் திறந்தார்.

"அந்த இறங்குதுறைக்கு என்ன நடவடிக்கை?"

செயலாளர் என் பக்கம் குனிந்தார். "என்ன பிள்ள செஞ்சு வச்சிருக்கிற? சபை ஏற்ற அறிக்கை. இனி மாதாமாதம் பதில் எழுதணுமே!"

'பரிசீலனையில்' என்று எழுதினோம். அன்றும் மாமி அதே ரீசேட்டில் வந்தார், அன்றும் வெளியேற்றினேன், அன்றும் காரணம் எழுதினேன். தவிசாளரின் வாக்குறுதியை என் குரலில் அவரே மாதாமாதம் கேட்க வேண்டியதாயிற்று. பிள்ளை படுத்திய பாட்டில் என் குரலும் தேய்ந்துபோயிருந்தது. செத்தவீட்டு அறிவித்தல் மாதிரி இருந்ததாக பியோன் சொன்னார்.

ஒருநாள் தவிசாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, அந்த வசனத்த எடுத்துட்டு எழுத ஏலாதா?"

"எழுதலாம் ஐயா. ஆனா, பிறகு ஏன் வெளியேத்தினம் எண்டு கேப்பாங்க."

அவர் கையை அசைத்து என்னைப் போகச் சொன்னார். என்னைத் தூரத்துக் கதிரவெளிப் பக்கம் மாற்றிவிடுவார்கள், பிள்ளையை எங்கே விடுவது என்று நான் இரண்டு கிழமை சோறு இறங்காமல் கிடந்தேன். தெரியாமல் எழுதினேனா, தெரிந்துதான் எழுதினேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

இடமாற்றம் வரவில்லை. இறங்குதுறைக்குப் புதுப் பலகை வந்தது.

திறப்பு விழாவுக்கு ரிபன் கட்டி, பந்தல் போட்டு, பாதை நிறையக் கதிரை போட்டிருந்தார்கள். மாமி கூடையோடும் ரீசேட்டோடும் ரிபனுக்கு நேர் முன்னால் நின்றார். படம் எடுத்தால் இரண்டு தவிசாளர் விழுவார்கள். "அந்த மனிசிய அப்புறப்படுத்துங்க" என்று யாரோ சொன்னார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் பிள்ளை இருந்தாள். பின்னால் கூட்டம், இரண்டு பக்கமும் கதிரை. ஒரு பக்கம்தான் வழி இருந்தது. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ரிபனுக்குக் கீழே குனிந்தேன்.

"எங்க புள்ள போறம்?"

"உங்கள அப்புறப்படுத்துறன் மாமி. பேசாம வாங்க."

புதுப் பலகையில் சத்தமே இல்லை. ஆனாலும் பாதி வழியில் என் கால் தானாக நின்றுவிட்டது. பழக்கம். அடுத்த பலகையைப் பெருவிரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

மாமி கூடையை இறக்கி வைத்தார். "புள்ளைய இஞ்ச தா. நீ உன்ட காலப் பாத்து வா" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

சொந்த அக்காவிடம் விட்டுவிட்டு வரும்போதே மூன்று தடவை திரும்பிப் பார்ப்பவள் நான். அன்று ஒரு தடவைகூட யோசிக்காமல் கொடுத்தேன்.