மூச்சு வேந்தரும் இரண்டு ஜாடித் தண்ணீரும்

மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. அவ்வளவு கூட்டம். வாசலில் ஆளுயரப் பலகை: 'நுரையீரல் புற்றுநோயா? அறுவை வேண்டாம், ஊசி வேண்டாம். மூச்சு வேந்தரின் நொதிப்பூட்டு ஒரே கரண்டி!' வேந்தர் என்ற பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். பலகை எழுதியவர்தான். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் எங்கே இருமல் வந்துவிடுமோ என்று பயந்து வந்தவர்கள்.

முன்வரிசையில் தையல்காரர் ஒருவர், பக்கத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவர் மனைவி. மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன். வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார்.

"கட்டி சில நொதிகளை, என்சைம்னு சொல்றோமே, அதைச் சுரக்குது. அதுங்க கத்திரி மாதிரி சுத்தி இருக்கிற சதையை வெட்டி வழி பண்ணும். அந்த வழியா நோய் ரத்தத்துல ஏறி எலும்பு, மூளைன்னு போயிடும். இன்னும் போகலை. போறதுக்குள்ள எடுத்துடணும்."

கத்திரி என்றதும் தையல்காரருக்கு ஞானம் பிறந்துவிட்டது. காலமெல்லாம் கத்திரி பிடித்த கை அல்லவா? மற்றவர்கள் பயத்தில் ஏமாந்தார்கள், இவர் தொழில் அனுபவத்தில் ஏமாந்தார்.

"கத்திரியைப் பூட்டி வெச்சா துணி தப்பிச்சுடும்மா. வேந்தர் அதைத்தான் பண்றாராம். அப்புறம் என்னை எதுக்கு வெட்டணும்? நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வரலை."

மனைவி கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. சரி, அந்த வேந்தரையும் பார்த்துவிடலாம் என்று கூடவே வந்துவிட்டாள்.

வேந்தர் மினுமினுக்கும் மேலங்கியில் வந்தார். மேஜைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு ரிப்பன், மற்றதில் பச்சை. இரண்டிலும் தெளிந்த தண்ணீர். சிவப்பு ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, உறிஞ்சுகுழாயைத் தையல்காரர் வாயில் வைத்து ஊதச் சொன்னார். ஊதினார். தண்ணீர் பாலாக வெளுத்தது. மண்டபமே உச்சுக் கொட்டியது.

"அத்தனையும் கத்திரி நொதி. நல்லா பார்த்துக்கோங்க."

பிறகு ஒரு கரண்டி கறுப்புக் கஷாயம். கசந்துவிட்டால் அது மருந்துதான் என்று நம்ப நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? அடுத்து பச்சை ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ். தையல்காரர் தம் கட்டி ஊதினார். குமிழிதான் வந்தது, வெளுக்கவே இல்லை.

"பூட்டியாச்சு" என்றார் வேந்தர். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தையல்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மனைவி எழுந்தாள். கடையில் எந்தத் துணிக்குச் சாயம் போகிறது என்று பார்ப்பது அவள் வேலை. இரண்டு துணியை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே மாதிரித் தண்ணீரில்தான் முக்குவாள்.

"ஐயா, மருந்துதான் குடிச்சாச்சே. இப்ப அந்த சிவப்பு ரிப்பன் தண்ணியிலயே இன்னொரு தடவை ஊதட்டுமே."

"அது நோயைக் கண்டுபிடிக்கிற தண்ணிம்மா. இது குணமானதைக் காட்டுற தண்ணி."

"குணமாயிடுச்சுன்னா அதுல ஒண்ணும் தெரியாது இல்ல? ஊதினா என்ன குறைஞ்சுடப் போகுது?"

இன்னும் பெரிய அற்புதம் வரப்போகிறது என்று கூட்டம் குஷியாகி, "ஊதட்டும், ஊதட்டும்" என்றது. வேந்தர் முகத்தில் ஈயாடவில்லை. அவளே ஊற்றினாள். தையல்காரர் ஊதினார். பழையபடி பால்.

"கொஞ்சம் நொதி மிச்சம் இருக்கு" என்று வேந்தர் சமாளித்தார்.

"இருக்கட்டும். நீங்க ஊதுங்க."

"நான் எதுக்கு?"

"உங்க நெஞ்சு சுத்தமா இருக்குமே. எல்லாரும் பார்க்கட்டும்."

வேந்தர் வாயை இறுக மூடிக்கொண்டார். மூச்சு வேந்தருக்கு மூச்சுவிடவே மனம் வரவில்லை. அதற்குள் மைக் செட்காரர் ஊதினார், பால். கட்டுமஸ்தான வாயிற்காவலர் ஊதினார், பால். ஆளுக்கு ஆள் முண்டியடித்து மேடையேறி ஊத, மேஜை பால் கடை ஆகிவிட்டது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

கையில் டோக்கனோடு ஒருவர் மெல்ல எழுந்தார். அறிவியல் வாத்தியார்.

"அது சுண்ணாம்புத் தண்ணிம்மா. யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும். நம்ம மூச்சுல இருக்கிற கரியமில வாயு பண்ற வேலை. பச்சை ஜாடியில இருக்கிறது வெறும் தண்ணி. வருஷா வருஷம் வகுப்புல நானே செஞ்சு காட்டறேன்."

"அப்புறம் ஏன் சார் இங்க வந்து உட்கார்ந்தீங்க?"

"வகுப்புல எனக்கு இருமல் இல்லையேம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வேந்தர் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார். மேலங்கி கதவில் சிக்கிக்கொள்ள, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்.

தையல்காரர் சிரிக்கவில்லை. "பயந்துட்டேன்மா" என்றார்.

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக, எடுக்க வேண்டியதை உள்ளேயே வெச்சுக்க முடியுமா? வாங்க, வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வைக்கணும்."

அவர் எழுந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவளை ஓர் அம்மாள் மறித்தாள்.

"தாயே, அந்த ஜாடியிலேர்ந்து உங்க கையால ஒரு கிளாஸ் ஊத்திக் குடுங்க. கைராசிக்காரங்க நீங்க."

அந்த அம்மாளுக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை சேர்ந்திருந்தது. தையல்காரர் மனைவி அந்த வரிசையை ஒரு முறை பார்த்தாள்.

"கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். அதைக் கேட்க உங்க எல்லாருக்கும் வாய் இருக்கு. ஊதச் சொன்னா மட்டும் ஏன் திறக்கறீங்க?"