மாமனார் கழற்றி வைத்த கடிகாரம்

“சேதம் எப்படி ஏற்பட்டது சார்?”

வாட்ச் கம்பெனி ஷோரூமின் கவுண்ட்டர் பெண் கேட்டதும் மாப்பிள்ளைக்குக் காதுமடல் இரண்டும் சுட்டன. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருபது வருஷமாக அவர் ஊராரைக் கேட்டு வந்த கேள்வி அது. பதில் சொல்லத் திணறுகிறவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது.

“தானா விழுந்துடுச்சும்மா.”

தானாக விழவில்லை. அது மாமனாருடைய கடிகாரம். தங்கப் பட்டை, நீல முகம். விலையைச் சொல்லுமுன் கேட்பவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும், அப்படிப்பட்ட கடிகாரம். தூக்கத்தில்கூட அதைக் கழற்றாத மாமனார், தன் அண்ணன் நாலு நாள் தங்க வந்ததும் கழற்றி, ஒரு காலுறைக்குள் சுருட்டி, மகள் வீட்டு பீரோவில் கொண்டுவந்து வைத்தார். எதைச் சொல்வதற்கும் முன்னால் சரியாக மூன்று தடவை கனைப்பது அவர் வழக்கம். அன்றும் கனைத்துவிட்டுத்தான் சொன்னார்: “அங்க ஆள் நடமாட்டம் ஜாஸ்தி மாப்ள. இங்கயே இருக்கட்டும்.”

இரண்டு நாள் அந்தக் காலுறையைச் சுற்றிச் சுற்றி வந்த மாப்பிள்ளை, மூன்றாம் நாள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்குள் நானூறு தடவை மணி பார்த்தார். கேட்காதவர்களுக்கெல்லாம் மணி சொன்னார். நானூற்றோராவது தடவை கையை வீசியபோது இரும்பு அலமாரி குறுக்கே வந்துவிட்டது. கண்ணாடியில் குறுக்குவாட்டில் ஒரு விரிசல்.

“ஓனர் நீங்கதானா சார்?” என்றாள் கவுண்ட்டர் பெண். “அடியில இருக்கற நம்பரைப் போட்டா யார் பேர்ல இருக்குன்னு வந்துடும். அவருக்கு ஒரு போன் பண்ணிட்டுத் திறந்துடலாம்.”

“போனா? வேண்டாம்மா!”

மாப்பிள்ளை கடிகாரத்தை வெடுக்கென்று பிடுங்கினார். பேனாவைக் கட்டியிருந்த சங்கிலியில் மாட்டி, சாவி கொடுக்கும் குமிழ் பிய்ந்து தரையில் உருண்டது. சூட்டும் கோட்டும் போட்ட நாலு பேர் பார்க்க, அவர் தவழ்ந்து போய் அதைப் பொறுக்கினார்.

“கம்பெனிக்காரன்கிட்ட யாராவது போவாங்களா சார்?” என்று தலையில் அடித்துக்கொண்டார் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர். “பஸ் ஸ்டாண்டு வாசல்ல நம்மாளு ஒருத்தர் இருக்கார். குடை, பூட்டு, டார்ச்லைட்டு, எதைக் குடுத்தாலும் அஞ்சே நிமிஷம்.”

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. குடைக்காரர் குமிழில் பசையைத் தாராளமாகப் பிதுக்கி ஒட்டினார். “இனிமே யானையைக் கட்டி இழுத்தாலும் வராது” என்றார். வாக்குத் தவறாத மனிதர். பசை உள்ளே இறங்கி, முட்களும் யானை இழுத்தாலும் நகராதபடி பத்து பத்தில் நின்றன.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள்.

“கையை ஏன் முதுகுக்குப் பின்னால வெச்சிருக்கீங்க?”

“சும்மாதான். காத்தாட.”

“காமிங்க.” காட்டினார். அவள் நெற்றியில் கை வைத்தாள். “ஐயோ! எங்கப்பா இதைத் துணி போட்டுத் தொடைக்கவே என்னை விடமாட்டாரே!”

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது.

“ம்க்கும். ம்க்கும். ம்க்கும். மாப்ள, அண்ணன் நாளைக்குக் காலைல கிளம்பறார். சாயங்காலமா வந்து வாட்சை வாங்கிக்கறேன். பத்திரமா இருக்குல்ல?”

“அசையாம இருக்கு மாமா.”

“தெரியும். அதான் உங்ககிட்ட குடுத்தேன். அடுத்தவங்க பொருளைத் தொடறவன் என்னைப் பொறுத்தவரைக்கும் மனுஷனே இல்ல மாப்ள.”

மாப்பிள்ளை போனை வைத்தார். யாரும் சொல்லாமலே பாத்திரங்களைக் கழுவினார். துணிகளை மடித்தார். மடித்ததை உதறி மறுபடி மடித்தார். தலை மட்டும் நிமிரவில்லை.

“போதும், துணி கிழிஞ்சிடும்” என்றாள் மனைவி. “நாளைக்குக் காலைல மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கற வாட்ச் கடைக்குப் போங்க. சாயங்காலம் அப்பாகிட்ட நடந்ததை உங்க வாயாலயே சொல்லிடுங்க.”

“சரியாயிட்டா எதுக்குச் சொல்லணும்?”

“சொல்லணும்.”

காலையில் வழியெல்லாம் ஒத்திகை. ‘மாமா, என்னை மன்னிச்சிடுங்க.’ ‘மாமா, நான் மனுஷனே இல்ல.’ இரண்டாவதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டதில், எதிரே வந்த பெண்மணி தெருவின் மறுபக்கம் போய்விட்டார்.

வாட்ச் கடையில் கூட்டம். வெட்கத்தில் அவர் பின்னால் வந்த ஆறு பேரையும் முன்னால் விட்டார். ஏழாவது ஆள் வராததால் முறை வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டி, பின்மூடியைத் திறந்து, அதையே உற்றுப் பார்த்தார்.

“இது உங்களோடதா?”

மாப்பிள்ளை பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக உண்மை வெளியே வந்தது. “இல்லீங்க. மாமனாரோடது. கேக்காம எடுத்துக் கட்டிட்டேன். அவர் முகத்துல எப்படி முழிக்கறதுன்னே தெரியல.”

“அப்படியா?” கடைக்காரர் மூடியை அவர் பக்கம் திருப்பினார். உள்புறத்தில் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள். “யார் ரிப்பேர் பண்ணாலும் உள்ள இப்படித் தேதி கீறி வைப்போம் சார். இது என் கையெழுத்து, பதினெட்டு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி வாட்ச் என் கடைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான், அதனால கொண்டுவந்த ஆளை மறக்கல. மூணு தடவை கனைச்சிட்டு, இதே இடத்துல உங்களை மாதிரியேதான் வேர்த்து ஊத்த நின்னார். ‘அண்ணனோடது, கேக்காம எடுத்துக் கட்டிட்டேன்’னார்.”

கடைக்காரர் லென்ஸைக் கழற்றினார்.

“ஏன் சார், இன்னுமா அந்த அண்ணன்கிட்ட திருப்பிக் குடுக்கல?”