ரீடிங் சாரின் ஐந்தாவது மீட்டர்

ஏறி உட்கார்ந்த பயணிக்கெல்லாம் வேலை கொடுக்கிற கார் தமிழ்நாட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. அது தினமும் காலையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போகும். ஓட்டியவர் ரீடிங் சார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிற உத்தியோகம் என்பதால், திண்டிவனத்தில் பாதி ஊர் அவர் தலையைக் கண்டதும் "ரீடிங் வந்துட்டாரு, கேட்டைத் தொற" என்று கத்தும். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. போனில் யாராவது "ரீடிங் இருக்காரா?" என்று கேட்டால், அவர் மனைவியே "குளிச்சிக்கினு இருக்காருங்க" என்றுதான் சொல்வார்.

அவர் ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எப்போது எதில் ஓடுகிறது என்று மட்டும் வெளியே தெரியாது. காலமெல்லாம் மீட்டரைப் பார்த்தே வாழ்ந்த மனிதரிடம் ஒரு வண்டி ரகசியம் வைத்துக்கொள்ளலாமா?

ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்காலுக்கு நேராக ஒரு சாக்கெட் உண்டு. மெக்கானிக் தன் கருவியை அதில் சொருகி, வண்டிக்கு என்ன கோளாறு என்று பார்ப்பார். ரீடிங் சார் அதில் ஒரு சின்ன மீட்டரைச் சொருகி முன்கண்ணாடியில் ஒட்டினார். பேட்டரியின் சூடு முப்பத்தெட்டு என்றது. அது சொல்வது நிஜமா என்று பார்க்க இரண்டாவது மீட்டர் வாங்கினார். அது நாற்பத்தொன்று என்றது. இரண்டில் எது பொய் என்று கண்டுபிடிக்க மூன்றாவது வந்தது. மூன்றுக்கும் மேஸ்திரியாக, நாலாவதாக ஒரு டேப்லெட் வந்தது. ஒரு சாக்கெட்டை இரண்டாகப் பிரிக்கிற ஒயர், அதை மறுபடி பிரிக்கிற ஒயர் என்று அவர் காலடியில் ஒரு புதரே வளர்ந்தது. பிரேக் மிதிப்பதற்கு முன் அதைக் காலால் ஒதுக்கிக்கொள்வார்.

அந்தக் காரில் நானும் ஸ்டெல்லா டீச்சரும் தினப்படிப் பயணிகள். டீச்சருக்குத் திண்டிவனத்தில் பள்ளிக்கூடம். எனக்கு அங்கே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளையில் தற்காலிக வேலை. எங்களிடம் அவர் ஒரு பைசா வாங்கியதில்லை. ஆளுக்கொரு டூட்டி கொடுத்துவிட்டார். முன்சீட்டில் நான் பேட்டரி. பின்சீட்டில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் இன்ஜின்.

டீச்சர் காரில்தான் ஜெபமாலை சொல்வார். பத்து மணி உருள்வதற்குள் முன்னாலிருந்து குரல் வரும்.

"டீச்சர், இன்ஜின் எவ்ளோ?"

"மாதாவே, எண்பத்தி ரெண்டு சார்" என்பார் டீச்சர். அன்றைய ஜெபம் அத்தோடு எந்த மணியில் நின்றது என்பது மாதாவுக்கே வெளிச்சம்.

ஒருமுறை ஏப்ரல் மாத வெயிலில் மூன்றாவது மீட்டர் திடீரென்று மைனஸ் நாற்பது டிகிரி என்றது. நான் பயந்துகொண்டே வாசித்தேன்.

"ஐயோ சார், நான் ஸ்வெட்டர் எடுத்துக்கினு வரலையே" என்றார் டீச்சர்.

ரீடிங் சார் சிரிக்கவில்லை. "முப்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு, மைனஸ் நாப்பது. கூட்டி மூணால வகுத்தா பதிமூணு. வண்டி நல்லா கூலா இருக்குது" என்று சொல்லி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

கண்டாச்சிபுரத்தில் தன் மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் போனபோது, சொந்தக்காரர்கள் மணமக்களை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றார்களாம். மச்சான் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "மாமா, இத்தினி டிவி இருக்குதே, ஒண்ணுலயாவது கிரிக்கெட் வருமா?" என்று கேட்டிருக்கிறான். அந்த மச்சானோடு இவர் ஒரு வருஷம் பேசவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு அந்த நாள் வந்தது. ஆறு வருஷம் தற்காலிகமாக இருந்த என்னை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, சென்னையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். பத்து மணிக்கு நேர்முகம். தவறினால் வீட்டுக்கு. நான் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன். ரீடிங் சார் விடவில்லை.

"நம்ம வண்டி இருக்கசொல்ல பஸ்ஸுல இடிபட்டுக்கினு போவியா? சட்டை கசங்கும் தம்பி. ஏறு."

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார். டேஷ்போர்டைத் திறந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். ஐந்தாவது மீட்டர்!

"நேத்துதான் கூரியர்ல வந்துது. உனக்கு முக்கியமான நாளு. வண்டி பக்காவா இருக்குதான்னு ஒருவாட்டி பாத்துடுவோம். அஞ்சே நிமிஷம்."

வண்டியை அணைத்துவிட்டு, புதருக்குள் தலையை விட்டு, சொருகினார். மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். டேஷ்போர்டில் எத்தனை விளக்கு உண்டோ அத்தனையும் எரிந்தன. சிவப்பு, மஞ்சள், நான் அதுவரை பார்த்தே இராத ஓர் ஆரஞ்சு.

"சார், கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குது" என்றார் டீச்சர்.

வண்டி நகரவில்லை. ஒரு மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஒன்று கோடு கோடாகக் காட்டியது. புது மீட்டர் மட்டும் சீன எழுத்தில் ஏதோ சொன்னது. காரணத்தை அது சரியாகத்தான் சொல்லியிருக்குமோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. டீச்சர் இறங்கிக் குடையை ஆட்டினார். புறவழிச்சாலையில் சீறிப்போகிற பஸ் எதுவும் அந்தக் குடையை மதிக்கவில்லை. மணி ஒன்பதேகால்.

ரீடிங் சார் விழுப்புரத்து மெக்கானிக் பாஷா பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், வண்டிக்கு ஒரே வாயி" என்றார் பாய். "அஞ்சு பேரு சுத்தி நின்னுக்கினு ஒரே நேரத்துல கேள்வி கேட்டா அது இன்னா பண்ணும்? பேஜாராயி வாயை மூடிக்கும். எல்லாத்தையும் புடுங்குங்க."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் வெச்சிக்கட்டா பாய்?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்புறம் வண்டி நல்லா இருக்குதான்னு எப்பிடி தெரியும்?"

"ஓடுச்சின்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தம் சார்!"

அவர் தயங்கினார். எனக்குத் தாங்கவில்லை. "உங்க மீட்டரால என் பொழப்பே போவுது சார்!" என்று கத்திவிட்டேன். டீச்சர் குடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு நாள் ஓசியில் ஏறிவந்தவன் பேசுகிற பேச்சா அது?

ரீடிங் சார் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். குனிந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயரைச் சுற்றி, என் மடியில் வைத்தார். கடைசி ஒயரையும் உருவிவிட்டுப் பட்டனை அமுக்கினார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பச்சையில் ஒன்று மட்டும் நின்றது. வண்டி கிளம்பியது.

அவருக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. கண்ணைக் கட்டிவிட்டதுபோல் முகம். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் நாலு தரம் கேட்டுவிட்டார்.

"தம்பி, ஏதாச்சும் தீயிற வாசன வருதா?"

"இல்ல சார்."

"சத்தம்?"

"இல்ல சார்."

"டீச்சர், உங்களுக்கு இன்னா தோணுது?"

"எனக்கு நல்லாத்தான் தோணுது சார். ரோட்டைப் பாருங்க."

ஆனாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை அவர். லாரிகளைத் தாண்டிய விதத்தைப் பார்த்தபோதுதான், இவர் இவ்வளவு நன்றாக ஓட்டுவார் என்பதே எனக்குத் தெரிந்தது. டீச்சர் முதல்முறையாக ஜெபமாலையை முழுசாகச் சொல்லி முடித்தார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஆபீஸ் வாசலில் நிறுத்தி, "ஜல்தி போ தம்பி" என்றார். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு நேரமில்லை.

நேர்முகம் முடிந்து நான் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. எதிர்வாடை வேப்பமரத்தடியில் ரீடிங் சார் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். டீக்கடைக்குக்கூடப் போகவில்லை; நான் எந்த நேரத்தில் வெளியே வருவேனோ என்று நின்றுவிட்டாராம்.

"கேள்வியெல்லாம் கஷ்டமா கேட்டாங்களா?"

"பரவால்ல சார். காலையில நான் பேசினது..."

"அத வுடு. நீ சாப்ட்டியா?"

அடுத்த வாரம் அவர் ஒரு மீட்டரை மட்டும் திரும்ப மாட்டினார். பாஷா பாய் அதற்கு மேல் அனுமதிக்கவில்லை.

எனக்கு நிரந்தர ஆர்டர் ஒரு வியாழக்கிழமை தபாலில் வந்தது. கவரைப் பிரித்தவுடன் முதலில் தனக்குத்தான் நான் போன் போட்டேன் என்று என் மனைவி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் இரண்டாவது.