கடைசி ஆள் வரும்வரை

மனிதர்களில் பாலைவனம் போய் வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. ஆரம்பத்தில் இவர்களும் நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள். கே.கே. நகரில் வீடு, அரியமங்கலத்தில் ஒரு பட்டறை, எந்தக் கடையில் வண்டிக்கு ஒழுங்காகக் காற்றுப் பிடிப்பார்கள் என்கிற அளவுக்கு உலக அறிவு. பிறகு ஒருநாள் ராஜஸ்தான் பக்கம் மணலில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூட்டிப்போகிறவர்களிடம் பெயர் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறார்கள். முன்னால் வழிகாட்டி, பின்னால் ஜீப்பில் மெக்கானிக், சாயங்காலமானால் கூடாரம், சூடாக ரொட்டி. மொத்தம் ஒரு வாரம்கூட நிறையாது. ஆனால் திரும்பி வந்து ஜங்ஷனில் இறங்குகிறவர் வேறு ஆள்.

எப்படி அடையாளம் காண்பது? முதலாவதாக, இவர் வண்டியில் உட்காரமாட்டார். மணலில் நின்றுகொண்டு ஓட்ட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிக்கொடுத்துவிட்டதால், தலைமைத் தபால் நிலைய ரவுண்டானாவையும் கால் வைக்கும் கட்டையில் எழுந்து நின்றபடியேதான் சுற்றுவார். போலீஸ்காரர் அவர் யாரையோ தேடுகிறார் என்று நினைத்துத் தானும் அந்தத் திசையில் எட்டிப் பார்ப்பார். பால் பாக்கெட் வாங்கப் போனால் முழங்காலுக்குக் கவசம். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனால் முழங்கால்வரை ஏறிய பூட்ஸ், அதில் வரிசையாகக் கொக்கிகள். அவர் செருப்பு வைக்கும் இடத்தில் குனியும்போது பின்னால் வந்தவர்கள், பெருமாளைச் சேவித்து, பிரசாதம் வாங்கித் தின்று, கை கழுவிக்கொண்டு திரும்பும்போது அவர் இரண்டாவது காலுக்கு வந்திருப்பார். அதற்குள் நடை சாத்திவிடுவார்கள்.

பேச்சு? அது இன்னும் எளிது. எல்லா வாக்கியமும் 'அங்கெல்லாம்' என்று தொடங்கும்.

"காபில சக்கரை போதுமாங்க?"

"அங்கெல்லாம் சக்கரை கேக்க முடியாது."

"அப்ப டம்ளரை வச்சிட்டுப் போங்க. இது கே.கே. நகரு."

இப்படிச் சொன்னவர் பொன்னுத்தாய். சொல்லப்பட்டவர் அவருடைய கணவர் வீரமலை, இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த உதாரணம். அவர் தன் மகனின் நிச்சயதார்த்தத்துக்குக் குடும்பத்தை நடத்திச் சென்ற கதையைச் சொன்னால் நான் மேலே எதையும் விளக்க வேண்டியிருக்காது.

மகன் பெயர் ரஞ்சித். பெண் திருவெள்ளறையில் சுபலட்சுமி. இருவரும் கல்லூரியிலிருந்தே பழக்கம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பெண்ணின் பெரியப்பா செந்தமிழன் மட்டும் இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை. அவரிடம் வேறு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். தேவைப்பட்டதெல்லாம் ரஞ்சித் வீட்டாரிடம் ஒரு குறை. ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். தவறினால் ஆடி, ஆடி முடிவதற்குள் செந்தமிழன் அந்த வேறு மாப்பிள்ளையைப் பந்தியிலேயே உட்கார வைத்துவிடுவார்.

உறவினர்கள் புத்திசாலிகள். முன்னதாகவே பஸ் ஏறித் திருவெள்ளறைக்குப் போய்க் கேசரி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டு ஆட்களுக்கு ஒரு கார் வைக்கலாம் என்றார் பொன்னுத்தாய்.

"கார்ல போறது பயணமா? பொட்டலம் மாதிரி போய் எறங்குறது அது" என்றார் வீரமலை.

ஆகவே ஐந்து பேர், ஐந்து வண்டி. வாசலில் வரிசையாக நிற்க வைத்து விதிகளைச் சொன்னார். தலைவர் முன்னால் போவார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு அடுத்து வருகிறவர் நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். பச்சை ஒளிரும் ஜாக்கெட் போட்ட கடைசி ஆள் கண்ணில் படும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. பட்டதும் கிளம்பி, அவரை முந்தி முன்னால் போய்விட வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கவே கூடாது.

"டேய், நான் பொறந்ததே திருவெள்ளறைடா" என்றார் அவருடைய அக்கா மயிலம்மாள். பழைய மொபெட்டில் பழத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். "எனக்கு எதுக்குடா வழி?"

"பாலைவனத்துல பொறந்தவனே வழி தப்பிருக்கான்க்கா."

கடைசி ஆளாக நியமிக்கப்பட்டவர் பொன்னுத்தாயின் தம்பி பிச்சமுத்து. தாய்மாமன், நல்ல கனமான உடம்பு. அவருக்குப் பச்சை ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, வீரமலை அடுத்த காரியத்தைச் செய்தார். ஐந்து வண்டிகளிலும் குனிந்து டயர்க் காற்றைப் பாதிக்கு இறக்கினார். மணலில் அப்படித்தான் செய்ய வேண்டும். மணல் எங்கே என்று கேட்கிறீர்களா? பிச்சமுத்துவும் கேட்டார். "கொள்ளிடம் பாலத்துல காத்துல பறந்து வந்து கெடக்கும் மச்சான்." பிறகு, ஓட்டும்போது கவனம் சிதறும் என்று எல்லோருடைய போனையும் வாங்கித் தன் வண்டியில் மாட்டிய பையில் போட்டுக்கொண்டார். ரஞ்சித் தன் போனை முதல் ஆளாக நீட்டினான். அப்பா சம்மதித்ததே பெரிது. இந்த ஒரு சாயங்காலம் அவர் இஷ்டப்படி கழிந்துவிட்டால் போதும் என்றிருந்தான்.

கிளம்பினார்கள். பாலக்கரைத் திருப்பத்தில் மயிலம்மாள் நிறுத்தப்பட்டார். மாம்பழச்சாலையில், நிச்சயப் புடவைத் தட்டோடு பொன்னுத்தாய். நம்பர் ஒன் டோல்கேட்டில், பட்டு வேட்டியில் ரஞ்சித். வீரமலை நின்றபடியே ஓட்டிக்கொண்டு திருவெள்ளறை போய்ச் சேர்ந்தார். தனியாக.

பந்தலே எழுந்து வந்தது.

"வாங்க சம்பந்தி. மாப்ளே எங்க?" என்றார் செந்தமிழன்.

"டோல்கேட்ல நிக்கிறான். அவங்கம்மாவுக்கு வழி காட்டணும்ல."

"அம்மா?"

"மாம்பழச்சாலையில. எங்கக்காவுக்கு வழி காட்டுறா."

"அக்கா?"

"பாலக்கரை. மச்சானுக்கு."

"மச்சானுக்கு வழி தெரியாதா?"

"அவர் கடைசி ஆளுங்க. அவருக்கு வழி தெரியணும்ன்னு அவசியமில்ல."

கடைசி ஆள் அப்போது கே.கே. நகரைத் தாண்டவில்லை. பாதிக் காற்றில், முழு உடம்போடு, முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டியூப் வெடித்துவிட்டது. பஞ்சர் கடைக்காரரின் போனை வாங்கி அக்கா பொன்னுத்தாயைக் கூப்பிட்டார். வீரமலையின் பை ஒலித்தது. ரஞ்சித்தைக் கூப்பிட்டார். பை மறுபடி ஒலித்தது.

"எடுத்துப் பேசுங்க மாமா" என்றாள் சுபலட்சுமி. புதுப் பட்டில் பந்தல் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கடைசி ஆள் வராம பையைத் தொறக்கக் கூடாதும்மா. விதி."

அவள் பையைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் வீட்டுக் கடிகாரம் தனக்காகவே ஓடுகிறது என்கிற திருப்தியோடு.

இதே நேரத்தில் பாலக்கரையில், சாலை போடும் வேலை முடிந்து துறையூருக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார் பரக்கத் அலி. தலையில் ஹெல்மெட். உடம்பில், வேலையிடத்தில் கொடுத்த பச்சை ஒளிரும் ஜாக்கெட். மயிலம்மாள் எவ்வளவு நேரமாக வெயிலில் நின்றிருப்பார் என்று யோசியுங்கள். ஜாக்கெட்டைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. மொபெட்டைக் கிளப்பி முந்தப் பார்த்தார்.

பரக்கத் அலி கண்ணாடியில் பார்த்தார். பழத் தட்டோடு ஓர் அம்மாள் துரத்துகிறார். சற்று வேகம் கூட்டினார். மாம்பழச்சாலையில் துரத்துகிறவர்கள் இரண்டானார்கள்; இரண்டாவது அம்மாள் கையில் புடவை. கொள்ளிடம் பாலத்தில் அவர் தன் வாழ்க்கையில் செய்த தவறுகளையெல்லாம் நினைத்துப் பார்த்தார். டோல்கேட்டில் பட்டு வேட்டி கட்டிய இளைஞன் ஒருவனும் சேர்ந்துகொண்டு, "மாமா, மெதுவா! நான் முன்னாடி போகணும்!" என்று கத்தினான். யாரையும் முந்தவிடாமல் பறந்தார் பரக்கத் அலி. விதி தெரிந்த மூவரும் விடாமல் பறந்தார்கள். காற்றில்லாத டயர்கள் ஆடிய ஆட்டத்தில் பழத் தட்டிலிருந்து மண்ணச்சநல்லூருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் காணிக்கையாயிற்று.

திருவெள்ளறையில் பந்தலும் கூட்டமும் கண்ணில் பட்டதும் அவர் வண்டியோடு உள்ளே புகுந்தார்.

"காப்பாத்துங்க! பாலக்கரையிலேருந்து தொரத்திக்கிட்டு வராங்க! நான் என்ன பண்ணேன்னு கேளுங்க!"

ஹெல்மெட் கழன்றது. மயிலம்மாள் உற்றுப் பார்த்தார். "ஆத்தாடி, இது பிச்சமுத்து இல்ல. அதான் ஒழுங்கா ஓட்டுனான்."

மாப்பிள்ளை வந்துவிட்டான். தட்டு வந்துவிட்டது. செந்தமிழன் கடைசியாக ஒருமுறை எண்ணிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"தாய்மாமன் இல்லாம எங்க வீட்ல தட்டு மாத்துற வழக்கம் கெடையாது."

ராகு காலத்துக்கு முள் நகரப்போகிறது. சுபலட்சுமியின் கண் நிறைந்துவிட்டது. ரஞ்சித் அப்பாவைப் பார்த்தான், முதல் தடவையாகக் கோபத்தோடு. வீரமலை தன் பூட்ஸின் கொக்கியைப் பார்த்தார்.

பொன்னுத்தாய் புடவைத் தட்டைத் தூக்கினார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பரக்கத் அலியின் கையில் வைத்தார்.

"அண்ணே, இதைக் குடுத்திடுங்க."

"நானாம்மா?"

"அண்ணேன்னுதானே கூப்பிட்டேன். அப்ப எம் மவனுக்கு யாரு நீங்க?"

செந்தமிழன் வாய் திறந்தார். ஆனால் முறை சொல்லி அழைத்தாகிவிட்டது. அதற்குமேல் ரேஷன் கார்டையா கேட்க முடியும்? தட்டு கை மாறியது. பரக்கத் அலி கொடுத்த கையோடு, "புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றார். கடிகாரம் அடித்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிச்சமுத்து வந்தார். தன் ஜாக்கெட்டைப் போலவே ஒன்றைப் போட்ட ஒருவர் தன் இடத்தில் உட்கார்ந்து மூன்றாவது கேசரி சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றார். வீரமலை எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்:

"கடைசி ஆளும் வந்தாச்சு. பாத்தீங்கள்ல? ஒருத்தர்கூட தொலையல. அங்கெல்லாம் இப்படித்தான்." பிறகுதான் பையைத் திறந்தார்.

நீங்கள் பாலைவனம் போனதில்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். போகத்தான் வேண்டுமா? சிங்கப்பூரில் மகன் வீட்டில் ஒரு மாதம், யோகா முகாமில் ஒரு வாரம், மலையேற்றத்தில் ஒரு சனி ஞாயிறு. இந்த இனத்தில் சேர இதெல்லாம் தாராளம். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். அடுத்த முறை வீட்டு ஆட்களோடு கிளம்பிப் போய்ச் சேர்ந்ததும் உங்கள் பையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே உங்களுடையதல்லாத போன் அடித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள். ஏதோ ஒரு திருப்பத்தில், பட்டுப் புடவையில், கையில் தட்டோடு, உங்கள் விதியை மதித்து ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.