மணி மூடி திருடுகிறவனின் மனம்

சேசு மரி சூசை துணை

மன்னார்புரம், திருச்சிராப்பள்ளி
17-3-1959

அறிவும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை கிளமென்ட் அவர்களுக்கு, மாமனார் அற்புதசாமி அன்போடு எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை டோரதியும் இவ்விடம் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. வேலூரில் தாங்களும் மகள் பேட்ரிசியாவும் சுகமாக இருப்பதை அறிந்து மிகவும் சந்தோஷம்.

தங்கள் 11-ந் தேதிக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தங்கள் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் புதிய சப்-இன்ஸ்பெக்டர்களுக்குக் 'குற்றவாளியின் மனம்: ஓர் அறிமுகம்' என்று ஆறு வகுப்பு எடுக்க என்னை அழைப்பதாகப் பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்கள். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் தர்க்கமும் மனோதத்துவமும் நடத்திய நான் அதை நம்பி, ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிட்டயர்டு வக்கீலிடம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் புத்தகங்களை இரவல் வாங்கி, நாற்பத்தெட்டு ஃபுல்ஸ்கேப் பக்கம் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது தாங்கள், 'சைக்கிள் கடை காஜா மைதீன் பாய் பெரிய கெட்டிக்காரர் என்று அத்தை எழுதியிருந்தார்கள், அவரையும் அழைக்கலாமா மாமா, அல்லது அவரையே அழைத்துவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'அவரையே' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் பொறாமை என்று தாங்கள் எண்ணக் கூடாது. பொறாமையைப் பற்றி என் குறிப்பில் தனியாக மூன்று பக்கம் இருக்கிறது. அதற்கு அறிகுறிகள் ஐந்து. சோதித்துப் பார்த்தேன், எனக்கு நான்குதான் இருக்கின்றன.

உங்கள் அத்தை முடிவை மட்டும் எழுதியிருப்பாள். நடந்ததை நான் முறையாகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்திய இந்தத் தபசுக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பொன்மலை ரயில்வே பட்டறை ஆட்கள் வேலை விட்டு நேரே எங்கள் பங்குக் கோயிலுக்குச் சிலுவைப்பாதை செபத்துக்கு வருகிறார்கள். சைக்கிள்களை மதிலோரம் நிறுத்திவிட்டு உள்ளே போகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் நாலு சைக்கிளில் மணியின் மேல் மூடி மட்டும் இல்லை. அடுத்த வெள்ளி இன்னும் நாலு, அதற்கடுத்த வெள்ளி இன்னும் நாலு. மொத்தம் பன்னிரண்டு பேர் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே சைக்கிள் மிதித்தார்கள். ஒரு ஃபிட்டர் வாயாலேயே கிணிகிணி என்று அடித்துக்கொண்டு போனதை நானே கண்டேன். எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், புத்தகத்தில் படித்ததைப் பரீட்சித்துப் பார்க்கக் கர்த்தரே ஒரு குற்றத்தை அனுப்பிவைத்தார் என்று உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

இந்த சாஸ்திரத்தின் அடிப்படை தாங்கள் அறியாததல்ல. குற்றம் நடந்த இடம் குற்றவாளியின் முகம். அவன் எதை எடுத்தான் என்பதைவிட எதை விட்டுவிட்டுப் போனான் என்பது முக்கியம். காரியம் முடிவதற்காகச் செய்வது வேறு, மனம் ஆறுவதற்காகச் செய்வது வேறு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவன் தனக்குப் பழக்கமான வட்டத்தை விட்டுத் தூரம் போகமாட்டான். இந்த விதிகளின்படி நான் யோசித்தேன். டைனமோவை விட்டான், பம்பை விட்டான், தோல் சீட்டை விட்டான். ஆகவே காசுக்காக அல்ல. மணியை மட்டும் எடுத்தான். ஆகவே ஓசை பொறுக்காதவன். வாரம் நாலுக்கு மேல் எடுக்கவில்லை. ஆகவே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவன், சிறுவயதில் கண்டிப்பான தகப்பனிடம் வளர்ந்தவன். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவன், கோயிலுக்கு அருகில் தனியாக வசிப்பவன், வலது கைப் பழக்கம் உள்ளவன். நாலு பக்கத்தில் அழகாக எழுதிப் பங்குச் சுவாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்.

மாப்பிள்ளை, அங்கேதான் தவறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதைப் படித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிக் கோயில்பிள்ளை பிச்சமுத்துவைப் பார்த்தார்கள். பூசைக்கு மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற சாதுவான மனிதர். வயது ஐம்பத்திரண்டு, தனிக்கட்டை, குடியிருப்பது கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில். அன்றிலிருந்து யாரும் அவருக்குத் தோத்திரம் சொல்லவில்லை. அவரை வேலையை விட்டு எடுத்துவிடலாமா என்ற பேச்சுகூடக் கிளம்பிவிட்டது. மறுநாள் அவர் அந்த நாலு பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"ஐயா, எங்கப்பா ரொம்பக் கண்டிப்பானவருதாங்க. அது உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல பிச்சமுத்து. ஊகம்தான்."

"ஓசையும் எனக்கு ஆகாதுங்க. மணியடிக்கும்போது காதுல பஞ்சு வெச்சுக்குவேன். அதுகூட எழுதியிருக்கீங்க. எல்லாம் அப்படியே சரியா இருக்குங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூடியை மட்டும்தாங்க நான் எடுக்கல."

இவ்வளவு சரியாக எழுதி இவ்வளவு தவறாகப் போக முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, மணி இழந்தவர்கள் எல்லோரும் புது மணி வாங்கக் காஜா மைதீன் கடையில் கூடியிருந்தார்கள். என் ஊகத்தை எங்கே சரிசெய்வது என்று பார்க்க நானும் நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தேன். பாய் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்டார்.

"மொத்தம் எத்தன போச்சுங்க?"

"பன்னெண்டு பாய்" என்றார்கள் கூடியிருந்தவர்கள்.

"சரியா பன்னெண்டா? அப்ப இனிமே போவாது. கேடயம் முடிஞ்சிருக்கும்."

"என்ன கேடயம்?"

"உங்க கோயில்ல ஏசு சிலுவைப்பாட்ட நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்குத்தான். நாடகம் போடுற பாக்கியநாதன் அண்ணன் தை மாசமே வந்து, 'ரோமாபுரி நூற்றுவர் தலைவன் கேடயத்துல பளபளன்னு பதிக்கணும், பன்னெண்டு மணி மூடி சும்மா குடு பாய்'னு கேட்டாரு. சும்மா எப்படிங்க குடுக்க முடியும்னேன். கோவிச்சுக்கிட்டுப் போனாரு."

"ஏன் பாய், இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் எங்கிட்ட கேக்கலியே. சார் மனசத் தேடிக்கிட்டு இருந்தாரு. படிச்சவங்க வேலையில நான் எதுக்குக் குறுக்க வரணும்?"

ஒத்திகை நடக்கும் கொட்டகைக்கு எல்லோரும் போனோம். பன்னிரண்டு மூடியும் கேடயத்தில் மூன்று வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. யாரோ ஈட்டியால் தட்ட, கணீர் என்றது. பாக்கியநாதன் கொஞ்சமும் கலங்கவில்லை. "திருடலீங்க, ஆண்டவருக்காக இரவல் எடுத்தேன். யாருது எதுன்னு பின்பக்கம் பேரு எழுதி வெச்சிருக்கேன், பாருங்க" என்றார். அவருக்கு வயது முப்பத்து நாலு. மனைவி, ஐந்து குழந்தைகள், வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். மேடையில் நாலு பேர் குரலை ஒருவரே கத்துவார். என் ஊகத்தில் வலது கை ஒன்றுதான் தேறியது.

அன்று முதல் இந்த ஊரில் மனோதத்துவம் என்றால் காஜா மைதீன்தான். கோழி காணாமல் போனாலும் அவரிடம் போகிறார்கள். மாப்பிள்ளை பையன் குடிப்பானா என்றும் அவரிடம்தான் கேட்கிறார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் காற்றடிக்க வந்து அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். என்னை வழியில் பார்த்தால் "மழை வருமா சார்?" என்பதோடு சரி. எனக்கு ஆகாது என்று டாக்டர் தடுத்த எலுமிச்சை ஊறுகாயை உங்கள் அத்தை ஒரு ஜாடி நிறைய அவருக்குக் கொடுத்தனுப்பினாள். கேட்டதற்கு, "நீங்க ஒரு மாசம் படிச்சீங்க, பாய் ஒரு டியூபை முக்கி எடுக்குறதுக்குள்ள சொல்லிட்டாரு, ஒரு மரியாதை வேணாமா?" என்கிறாள். நான் கேட்கிறேன், பாய் செய்தது ஆராய்ச்சியா? ஒருவன் வந்து கேட்டதை ஞாபகம் வைத்திருந்தார், அவ்வளவுதானே! ஞாபகசக்தி மனோதத்துவம் ஆகுமா?

இதற்குமேல் ஒரு முக்கியமான சாட்சி இருக்கிறது. 'இனிமே போவாது' என்றார் அல்லவா? நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை, அவர் மதிய லுஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கடை வாசலில் நின்ற அவருடைய சொந்த சைக்கிளிலேயே மணி மூடி போய்விட்டது! பாக்கியநாதன் அன்று தஞ்சாவூரில் இருந்தார். ஆகவே இரண்டாவது ஆள் ஒருவன் இருக்கிறான். அவனைப் பிடிக்க ஞாபகசக்தி உதவாது, சாஸ்திரம்தான் வேண்டும். இதை மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லி, ஆறு வகுப்பையும் எனக்கே கொடுக்கச் செய்யுமாறு மிகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நான் இதுவரை தங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

பேட்ரிசியாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். தேவமாதா தங்கள் இருவரையும் நோய்நொடி அணுகாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
ம. அற்புதசாமி

பி.கு.: இதைத் தபாலில் போடப் புறப்படும்போது காஜா மைதீன் வந்தார். ஊறுகாய் ஜாடியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தாராம். டோரதி, "உங்க மணி கெடச்சுதா பாய்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமல் அவளிடமே சொன்னார்: "கெடைக்கலம்மா, தேடவும் இல்ல. எடுத்தவரு இதுக்கு முன்ன எதையும் எடுத்ததில்ல. மூடியைக் கழட்டிட்டு, உள்ள இருந்த தூசியத் துடைச்சு, திருகாணிய மறுபடி ஒழுங்கா முடுக்கிட்டுப் போயிருக்காரு. எந்தத் திருடன் அப்படிச் செய்வான்? நல்லாப் படிச்ச, பயந்த மனுஷன். எம்மேல ஏதோ வருத்தம். ரெண்டு நாளா சரியா சாப்பிட்டிருக்க மாட்டாரு, பாவம். மணி அவருகிட்டயே இருக்கட்டும். வருத்தம் தீர்ந்தா போதும்."

மாப்பிள்ளை, நாற்பத்தெட்டு பக்கத்தில் நான் சொல்ல நினைத்தது முழுவதும் அதில் இருந்தது. மூடி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எழுதியதை அடித்துத் திருத்த மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். மேலே கேட்டதை மறந்துவிட்டு அவரையே அழையுங்கள். ஐந்து வகுப்பு அவர் எடுக்கட்டும். ஆறாவது வகுப்பில் குற்றவாளியின் தரப்பிலிருந்து பேச ஆள் வேண்டுமென்றால், அந்த அனுபவம் அவருக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.